கலாயோகி ஆனந்த குமாரசுவாமியும் அவர் ஆக்கிய கலை நூல்களும்

ஈழத்துத் தமிழ்க் குடியிற் கிளைத்து உலகெங்கும் பெயர் நாட்டிய அறிஞருள் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி முன்வரிசையில் வைத்து எண்ணப்படுபவர். இந்துக் கல்லூரியொன்றிற் பயின்றோருள் அவர் பெயரைக் கேளாதார் இலர். ஆயினும், சிவபெருமானின் திருக்கூத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியவர் என்பதற்கு அப்பால் அவரைக் குறித்து நம்மவர் அறிந்தது சிறிதேயாம். அதற்குக் காரணமும் உண்டு. அவருடைய பெருநூல்கள் படங்கள் செறிந்தவை, விலை மிக்கவை, எளிதிற் கைக்கெட்டாதவை. கைக்கெட்டாத நூல்களைப் புகழ்தல் எளிது. அவை எவரைப் பற்றி எழுந்தன, எவ்வாறு உருவாயின என்று ஆராய்தலே அரிது. அவ்வாராய்ச்சிக்கு அவர் வாழ்க்கையே தக்க வாயிலாகும்.

பாட்டனார் ஆறுமுகநாதபிள்ளை குமாரசுவாமி முதலியார் யாழ்ப்பாணத்து வழியினர். கொழும்பில் அரசாங்க சேவையில் உயர்ந்து, சட்டநிரூபண சபையில் முதல் தமிழ்ப் பிரதிநிதியாக அமர்ந்தவர். அவர் மகனார் சேர் முத்து குமாரசுவாமி. கிறித்தவரும் யூதரும் அல்லாத ஒருவர் இங்கிலாந்திலே நியாயவாதியாகும் வழி இவராலேயே திறந்தது. இவர் தமிழ் அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலமாக்கி 1863 இல் இலண்டனில் வெளியிட்டார். பதினோராண்டின் பின் பாளி மொழியிலுள்ள சுத்தநிபாதத்தின் ஒரு பகுதியை ஆங்கிலத்திற் பெயர்த்தார். சைவராகிய தமிழர் ஒருவர் பௌத்த நூலொன்றை மேனாட்டாருக்கு அறிமுகம் செய்தமையை ஈண்டு மனத்திற் கொள்ளல் வேண்டும். தந்தை ஏட்டிற் செய்ததையே மகன் பின்னர் கல்லிலும் மரத்திலும் செம்பிலும் செய்தார். சேர் முத்துவின் தமக்கையார் செல்லாச்சியின் மக்களே சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும். ஆகவே அவ்விருவரும் ஆனந்தருக்கு மைத்துனர் முறையினர்.

சேர் முத்து, கென்ற் மாகாணத்து ஆங்கில மாதாகிய எலிசபெத் கிளே பீபி அம்மையாரை மணந்தார். 1877 ஆம் ஆண்டு ஆவணித் திங்கள் 22 ஆம் நாள் கொழும்பில் ஆனந்தர் பிறந்தார். அவர் பெயரின் நடுவேயுள்ள கென்றிஷ் என்னும் சொல் தாயின் மாகாணத்தைக் குறிப்பது. குழந்தைக்கு ஈராண்டு நிரம்புமுன் தாயார் அவரை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். பின்தொடர எண்ணியிருந்த தந்தையார் கப்பலேறுமுன் 1879 மே மாதத்தில் கொழும்பிலே காலமானார். தாயும் மகவும் அங்கேயே தங்கினர். இவ்வாறு, தந்தையின் நாட்டையும் மொழியையும் அறியாமலே அப்பிள்ளை வளர்ந்தது.

குளொஸ்ரர் மாகாணத்து விக்கிளிஃப் கல்லூரியிற் படித்து, பின்னர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிற் புவிச்சரிதவியலும் தாவரவியலும் பயின்று 1900 இற் பட்டம் பெற்றார். 1902 இல் எதெல் மேரி பாற்றிறிஜ் என்னும் அம்மையாரை மணந்தார். 1903 தொடக்கம் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுத் திணைக்களத்தின் முதல் அதிபராகக் கடமையாற்றினார். சப்பிரகமுவாவிற் கிடைத்ததும், பின்னர் தோரியனைற்று எனப் பெயரிடப்பெற்றதுமாகிய கனிப்பொருள் பற்றிய ஆராய்ச்சியில் அவருக்கும் பங்குண்டு. அவருடைய விஞ்ஞானப் பணி இலண்டன் பல்கலைக்கழகத்தின் கலாநிதிப் பட்டத்தை அவருக்கு ஈட்டிக் கொடுத்தது.

பாறை தேடிச் சென்றவர் பட்டறை கண்டு திரும்பினார் எனலாம். ஆய்வுக்காக மலைநாட்டுச் சிற்றூர்கள்தோறும் திரிந்தபோது, கண்டி இராச்சியத்துக் கைவினைஞரின் வழித்தோன்றல்களை அவர் சந்தித்தார். ஓவியர், தச்சர், தட்டார், கொல்லர், தந்த வேலை செய்வோர், அரக்கு வேலை செய்வோர், நெசவாளர், பாயிழைப்போர், குயவர் என்னும் இவர்தம் தொழில்கள் அப்போது முற்றாக அழிந்துவிடவில்லை. அழிவின் விளிம்பிலே நின்றன. அதன் காரணத்தை அவர் தெளிவாகக் கண்டார். மன்னராட்சிக் காலத்திற் கைவினைஞன் கூலிக்கு வேலை செய்தவனல்லன். அரசனுக்கோ விகாரைக்கோ தேவாலயத்துக்கோ செய்யும் ஊழியத்துக்கு ஈடாக அவனுக்கு நிலம் இருந்தது. நெல் அந்நிலத்தில் விளைந்தது. ஆகவே வேலையை அவசரமின்றிச் செய்தான். அரசனின் நேர் ஆணைக்கீழ் இருந்த சிறந்த கைவினைஞர் கூட்டத்துக்குப் பட்டல் ஹத்தற என்று பெயர். நான்கு பட்டறைகள் என்பது பொருள். நம் சொல்லின் ஓசை அதிற் கேட்கின்றது. 1815 இற் கண்டி அரசு வீழ்ந்தது. 1832 இல் இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியம் நீங்கியது நன்மையே. ஆயினும் கைவினைஞனைத் தாங்கிய கையும் அதனோடு நீங்கியது. பின்னர் கப்பலில் வந்திறங்கிய மலிவான துணியும் தகரமும் சாயமும் எஞ்சியதை விழுங்கத் தொடங்கின.

ஆனந்தர் வாளாவிருக்கவில்லை. பழைய விகாரைகளையும் கட்டடங்களையும் சீர்குலைய விடுதல் தகாதெனக் கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்கக் கடிதமொன்று எழுதினார். 1905 இல் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தைத் தொடக்கி, அதன் சார்பில் ஒரு சஞ்சிகையும் நடத்தினார். மேனாட்டு உடையையும் நடையையும் கண்மூடிப் பின்பற்றுதலைக் கண்டித்தார். பிள்ளைகள் சிங்களத்திலும் தமிழிலும் கற்கவேண்டுமென வாதாடினார். ஆங்கிலத்தில் வளர்ந்தவர் அவ்வாறு வாதாடியதைச் சிலர் விநோதமாக எண்ணியிருத்தல் கூடும். ஆனால், இழந்தவனுக்கே இழப்பின் அளவு தெரியும்.

இனி, அவருடைய முதற் பெருநூலுக்கு வருவோம். 'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் அந்நூல் 1905, 1906 ஆம் ஆண்டுகளில் இலங்கையில் எழுதப்பட்டது; அச்சேறியதோ இங்கிலாந்தில். 1907 இல் அவர் அங்கு சென்று, புறோட் காம்டன் என்னும் சிற்றூரிலே நோர்மன் சப்பல் எனப்படும் பழங்காலக் கட்டடத்தில் வாழ்ந்தார். அக்கட்டடத்தைத் திருத்தியமைத்தவர் கைத்தொழில் இயக்கத் தலைவருள் ஒருவராகிய அஷ்பீ. அவருடைய எசெக்ஸ் ஹவுஸ் அச்சகம் ஆனந்தரின் கைக்கு வந்தது. வில்லியம் மொறிஸ் தம் கெல்ம்ஸ்கொட் அச்சகத்திற் பயன்படுத்திய கையியந்திரம் அதில் இருந்தது. இயந்திரப் பெருக்கத்தால் கைவினை மாள்கின்றது என்று முழங்கியவர் மொறிஸ். அதே இயந்திரத்திற் கண்டிக் கைவினைஞரின் வரலாறு அச்சாயிற்று என்பது தற்செயலன்று. ஆனந்தர் வேண்டுமென்றே செய்த தெரிவு.

1907 செப்தெம்பரில் தொடங்கிய வேலை 1908 திசெம்பரில் முடிந்தது. பதினைந்து மாதங்கள்! முந்நூற்றுக்கு மேற்பட்ட பெரும் பக்கங்கள் கையினாலே அழுத்தி எடுக்கப்பட்டன. நானூற்றிருபத்தைந்து பிரதிகளே வெளிவந்தன. நிழற்படங்கள் பலவற்றை எதெல் அம்மையார் எடுத்திருந்தார். நெசவு, தையல் வேலைகளை அவரே உடனிருந்து ஆராய்ந்தார். பிற்காலத்தில் அவர் ஆங்கில நாட்டின் தலைசிறந்த கைநெசவாளராக விளங்கியதற்கு அடி கோலியது இலங்கையே. இந்நூலைப் புகழ்வோர் அவ்வம்மையாரின் பங்கை மறந்துவிடுதல் முறையன்று.

நூலின் அமைப்பு கவனித்தற்குரியது. பிறர் கலை நூல் எழுதினால் அரண்மனையிலும் கோபுரத்திலும் தொடங்குவர். ஆனந்தரோ சமுதாய அமைப்பிலும் கைவினைஞனின் நிலையிலும் தொடங்குகின்றார். அதன் பின்னரே தொழில்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கின்றார். எந்த மரம், எந்த உளி, எந்த மண், எந்தச் சாயம், எந்த அளவு என்று விவரிக்கின்றார். புவிச்சரிதவியலிற் பழகிய கண் அங்கே தொழிற்படுகின்றது: பார்த்ததைப் பார்த்தவாறே எழுதுதல். தெகல்தொறுவை விகாரையின் சுவரோவியங்கள் முதல் வீட்டுப் பாவனைச் சீப்பும் சுண்ணாம்புக் கரண்டகமும் வரை அனைத்துக்கும் ஒரே மதிப்பு. பெருங்கலை, சிறுகலை என்னும் பாகுபாட்டை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. புத்தர் படிமத்துக்குக் கண் திறக்கும் நேத்திர மங்கலச் சடங்கை அவர் விவரிக்கும் பகுதி நம் ஆலயங்களில் நயனோன்மீலனம் கண்டோர்க்குப் பெருவியப்பை அளிப்பது. ஓவியன் படிமத்தை நேரே நோக்காமற் கண்ணாடியிற் பார்த்துக் கண் எழுதுகின்றான்; பின் கண் கட்டி வெளியே அழைத்துச் செல்லப்பட்டு, முதற் பார்வையை வேறொரு பொருளின்மீது செலுத்தி அப்பொருளை வெட்டுகின்றான். கண் திறந்தபின் அவன் கைவேலை அவனுக்கே தெய்வமாகிவிடுகின்றது. இச்சடங்கை உணர்ந்து எழுதச் சைவ மரபோடு உறவுடைய ஒருவரே தக்கவர் என்பது எம் கருத்து.

இங்கே ஒன்றைச் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. எந்த ஏழைக் கைவினைஞரைப் பற்றி அந்நூல் எழுந்ததோ, அவர்களுள் எவரும் அதனை வாங்கியிருக்க முடியாது. ஆங்கிலம் அறியாமையால் வாசித்திருக்கவும் முடியாது. மொறிஸின் அழகிய நூல்களுக்கு நேர்ந்த கதியும் இதுவே: உழைப்பாளியின் மேன்மையைப் போற்றும் நூல் செல்வர் வீட்டு அலுமாரியிற் போய்ச் சேர்ந்தது. மேலும், பரம்பரைத் தொழில் முறையின் அழகைக் கண்ட அளவுக்கு அதனுள் அடங்கிய சாதி நெருக்கத்தை ஆனந்தர் காணவில்லை. தச்சன் மகன் தச்சனாகவே இருத்தல் வேண்டும் என்னும் விதி, அரண்மனைக்கு வேலை செய்தவனுக்குப் பெருமையாயிருந்திருக்கலாம். பாய் இழைத்தவனுக்கு அவ்வாறு இருந்திராது. இக்குறை அவருடைய பிற்கால நூல்களிலும் தொடர்கின்றது. எனினும், அவர் குறித்து வையாதிருந்தால் அத்தொழில்களின் நுட்பங்கள் பல குறிப்பின்றியே மறைந்திருக்கும். குறைகூறுவோரும் அக்குறிப்புகளைக் கொண்டே குறைகூறவேண்டியிருக்கின்றது.

அவர் அங்கே அச்சுக் கோத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், மைத்துனர் இராமநாதன் கொழும்பிலே கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்தைக் கருங்கல்லாற் புதுப்பிக்கும் திருப்பணியில் ஈடுபட்டிருந்தார். ஒருவர் சிற்பாசாரிகளைக் கொண்டு கல்லில் எழுப்பினார். மற்றவர் சிற்பாசாரிகளைப் பற்றி நூலில் எழுப்பினார்.

அக்காலத்து ஆங்கிலேயரிடையே இந்தியச் சிற்பத்துக்கு மதிப்பில்லை. 1910 இல் இலண்டனிற் கலைச் சங்கக் கூட்டமொன்றிலே சேர் ஜோர்ஜ் பேர்ட்வுட் என்பார் சாவகத்துப் புத்தர் சிலையொன்றை அவித்த கொழுப்புப் பண்டத்துக்கு ஒப்பிட்டு இகழ்ந்தார். அறிஞரிடையே அது பெருங் கண்டனத்தை எழுப்பியது. அவ்வாண்டே ஹவெல், ஆனந்தர், ஓவியர் றொதென்ஸ்ரைன் முதலியோர் கூடி இந்தியா சங்கம் என்னும் அமைப்பைத் தோற்றுவித்தனர். வாதத்தால் மட்டும் கருத்து மாறாது, படத்தைக் கண்முன் வைக்கவேண்டும் என்பதை ஆனந்தர் அறிந்திருந்தார். இந்தியச் சித்திரங்கள் பற்றிய படத் தொகுதிகளும், சிற்பத் தொகுதியாகிய 'விசுவகர்மா'வும், 1913 இல் வந்த 'இந்திய இலங்கைக் கலைகளும் கைவினைகளும்' என்னும் நூலும் அவ்வெண்ணத்தின் விளைவுகள்.

சைவ உலகு அவருக்கு என்றும் கடப்பாடுடையது ஒரு சிறு கட்டுரைக்காகும். பொலன்னறுவையிற் சிவ தேவாலயங்களருகே 1907, 1908 ஆம் ஆண்டுகளில் நடந்த அகழ்வில் நடராசர், அம்மை, நாயன்மார் திருமேனிகள் பல வெளிப்பட்டன. சேர் அருணாசலம் அவற்றைப் பற்றியும் சிவ வழிபாட்டின் உட்பொருள் பற்றியும் எழுதினார். கொழும்பு நூதனசாலைத் திருமேனிகளைக் குறித்து ஆனந்தர் எழுதிய நூல் 1914 இல் வெளிவந்தது. அதற்குச் சிறிது முன்னே, 1912 இல், சென்னைச் 'சித்தாந்த தீபிகை'யில் அவர் சிவ நடனம் பற்றி ஒரு கட்டுரை வரைந்தார். திருமந்திரமும் உண்மை விளக்கமும் அக்கட்டுரையின் ஆதாரங்கள். உடுக்கையிற் படைப்பு, அபய கரத்திற் காப்பு, அனலில் அழிப்பு, ஊன்றிய பாதத்தில் மறைப்பு, தூக்கிய திருவடியில் அருள் என்னும் ஐந்தொழிலை நம் வீட்டுப் பிள்ளையும் அறியும். ஆனால் அறிந்த அது ஏட்டிற் கிடந்தது. செப்புத் திருமேனியோ நூதனசாலைக் கண்ணாடிப் பேழையிற் கிடந்தது. ஏட்டையும் திருமேனியையும் ஒருங்கு வைத்து, இதன் பொருள் இது என்று உலகறியக் காட்டியவர் ஆனந்தர். 1918 இல் நியூயோர்க்கில் வெளிவந்த பதினான்கு கட்டுரைத் தொகுதிக்கு அக்கட்டுரையே பெயராயிற்று. பிரெஞ்சுச் சிற்பி றொடான் நடராச வடிவைப் பற்றி எழுதிய குறிப்புகளும் 1921 இல் ஆனந்தர், ஹவெல் ஆகியோரின் எழுத்துக்களோடு ஒரே தொகுதியில் அச்சாயின.

1910 இன் இறுதியில் அலகாபாத்திற் கூடிய பெருங் கண்காட்சியின் கலைப்பகுதி அவர் பொறுப்பில் இருந்தது. அக்காலத்தில் வட இந்தியாவெங்கும் சென்று இராசபுதனத்தும் இமயச் சாரலிலும் எழுந்த ஓவியங்களைத் தேடித் திரட்டினார். அவை மொகலாய ஓவியத்தின் கிளை என்று அதுவரை கருதப்பட்டன. அவை வேறு மரபின, கிருட்டிண பத்தியிலும் இராகங்களிலும் நாட்டு மக்கள் வாழ்விலும் வேரூன்றியவை என்பதை 1916 இல் ஒக்ஸ்போட் வெளியிட்ட 'இராசபுத்திர ஓவியம்' என்னும் இரு பெருந்தொகுதிகளில் நிறுவினார். அவர் கூறிய காலக் கணிப்புகள் சிலவற்றைப் பின்வந்தோர் திருத்தியுள்ளனர். இரு மரபுகளும் அவர் எண்ணியதினும் நெருங்கியவை என்றும் காட்டியுள்ளனர். ஆயினும் அப்பாதையை வெட்டியவர் அவரே.

அச்சேகரத்தை இந்தியாவுக்கே அளித்துவிட அவர் விரும்பினார். காசியில் ஒரு தேசிய நூதனசாலை அமைக்கப்படுமாயின் முழுவதையும் தருவதாக அறிவித்தார். அதற்கு வேண்டிய பொருளை உதவ எவரும் முன்வரவில்லை. முதலாம் உலகப் போர் மூண்டது. இந்திய தேசியத்தை ஆதரித்த அவருக்கு இங்கிலாந்து வாழ்வு இடராயிற்று. 1917 இல் தென்மன் றொஸ் என்னும் அமெரிக்கச் செல்வரின் உதவியால் அச்சேகரம் பொஸ்டன் நுண்கலை நூதனசாலையை அடைந்தது. அதன் காவலராக ஆனந்தரும் அங்கே சென்றார். இன்றும் அவ்வோவியங்களைப் பார்க்க விரும்பும் இந்தியன் கடல் கடந்தே செல்லவேண்டும்.

இல்வாழ்க்கை அவருக்கு ஒரே நிலையில் அமையவில்லை. நான்கு முறை மணம் செய்தார். இதனை விரித்தல் இக்கட்டுரைக்கு வேண்டாததாகும்.

பொஸ்டனில் முப்பதாண்டு வாழ்ந்தார். நூதனசாலைப் பொருள்களுக்கு விரிவான பெயர்ப்பட்டியல்கள் பல பாகமாக வந்தன. நிழற்படமும் கலையே என்று வாதாடி, 1924 இல் ஸ்ரீக்லிற்ஸ் என்னும் கலைஞரின் நிழற்படங்களை அந்நூதனசாலை ஏற்கச் செய்தவரும் அவரே; தாமும் படம் பிடிப்பதில் வல்லவர். 1927 ஆம் ஆண்டை அவருடைய ஆராய்ச்சியின் உச்சம் எனலாம். 'இந்திய இந்தோனேசியக் கலை வரலாறு' என்னும் நூல் அவ்வாண்டு வெளிவந்தது. நூற்றிருபத்தெட்டுப் படத்தாள்களில் நானூறு படங்கள். சிந்து வெளி தொடங்கி இலங்கை, பர்மா, சீயம், கம்போசம், சம்பா, சாவகம் வரை ஒரே நூலில் அடங்கின. பின்வந்த மாணவர் பலருக்கு அதுவே வாயிற்படியாயிற்று. புத்தர் படிமத்தின் தோற்றம் பற்றிய கட்டுரையும் அவ்வாண்டினதே. கிரேக்கர் கைபட்ட காந்தாரத்திலேதான் முதற் புத்தர் உருவம் பிறந்தது என்று பிரெஞ்சு அறிஞர் பூஷே நிறுவியிருந்தார். மதுரா நகரத்து யட்சர் சிலைகளை வரிசைப்படுத்தி, உள்நாட்டு மரபிலிருந்தே அவ்வுருவம் எழுந்ததென ஆனந்தர் மறுத்தார். அவ்வழக்கு முற்றாகத் தீர்ந்ததென்று கூறுதற்கில்லை. ஆனால் கிரேக்கருக்கே முழு உரிமையும் கொடுக்கும் துணிவு அதன்பின் அறிஞருக்கு இல்லாது போயிற்று.

1930 களின் பின் அவர் நூல்களிற் படங்கள் குறைந்தன, அடிக்குறிப்புகள் பெருகின. பிளேட்டோவும் எக்கார்ட்டும் உபநிடதங்களும் ஒரே பக்கத்தில் உரையாடத் தொடங்கினர். அவை கடினமான நூல்கள்; பயில்வோரை வருத்துவன. 1943 இல் வந்த 'கலைப்பொருள்களைக் காட்சிக்கு வைப்பதேன்' என்னும் நூல் மட்டும் எவர்க்கும் விளங்கும். நூதனசாலைக் காவலர் ஒருவரே, இப்பொருள்கள் பார்த்து மகிழச் செய்யப்பட்டவை அல்ல, வழிபடவும் உண்ணவும் உடுக்கவும் செய்யப்பட்டவை என்று வாதிடுவதை வேறெங்கே காண்போம்? கண்டியிற் கண்ட தச்சனும் தட்டானும் அந்நூலிலும் மறைந்து நிற்கின்றனர்.

1947 ஆவணியில் எழுபது வயது நிரம்பியபோது பல நாட்டறிஞர் கட்டுரைகளடங்கிய மலர் ஒன்று அவருக்குப் படைக்கப்பட்டது. மலாயாவில் ஆசிரியராயிருந்த ஈழத்தமிழர் துரைராஜசிங்கம் அவர்களும் ஒரு நினைவுத் தொகுதியை வெளியிட்டார். ஆனந்தரின் எழுத்துக்களைத் தேடித் தொகுப்பதையே பின்னர் தம் வாழ்நாட் பணியாக்கிக் கொண்டார். இந்தியா சுதந்திரம் பெற்ற செய்தி கேட்டு மகிழ்ந்த ஆனந்தர், பதவியை விட்டு இமயச் சாரலில் எஞ்சிய நாளைக் கழிக்க எண்ணியிருந்தார். தந்தைக்கு நேர்ந்ததே மகனுக்கும் நேர்ந்தது: புறப்படுமுன், அவ்வாண்டு செப்தெம்பர் 9 ஆம் நாள், மசச்சூசெற்ஸ் மாநிலத்து நீடம் என்னும் ஊரிலுள்ள தம் இல்லத்தில் இறைவனடி சேர்ந்தார்.

கைவினைஞர் பற்றிய அவருடைய முதற் பெருநூல் நெடுங்காலம் கிடைத்தற்கரியதாயிருந்து, 1956 இல் நியூயோர்க்கில் இரண்டாம் பதிப்பாக வந்தது. அதன் பின்னரே இலங்கையிற் பலரும் அதனைக் கண்ணாற் கண்டனர். யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஆனந்தரின் நூல்களும் கையெழுத்துப்படிகளும் பேணப்பட்டிருந்தன. 1981 ஆம் ஆண்டு வைகாசி இறுதியில் மூட்டிய தீயிலே, ஏறத்தாழத் தொண்ணூற்றேழாயிரம் நூல்களோடு அவையும் வெந்து சாம்பராயின. சிங்களக் கைவினைஞரின் புகழை உலகறியச் செய்த தமிழனின் ஏடுகளும் அவற்றுள் இருந்தன.